மொறுமொறுப்பான பாண் துண்டுகள்

ஐயா, பொரித்த பாணைச் சூட்டோடு போத்தலில் அடைக்கக் கூடாது. உள்ளே வியர்த்து, இரண்டாம் நாளே பூஞ்சணம் பிடித்துவிடும். பேக்கரியில் வாங்கிய முந்தைய நாள் பாணைச் சதுரமாக வெட்டி, உள்ளியும் பட்டரும் போட்டுப் பொன்னிறமாகப் பொரித்து, நன்றாக ஆறவிட்டு, இறுக்கி மூட வேண்டும். பத்து நாள் கெடாது. இதை எனக்குப் படிப்பித்தவள் நிறஞ்சலா. அவள் செத்ததைப் பற்றித்தானே கேட்கிறீர்கள், அதனால் இதிலிருந்து தொடங்குவதுதான் முறை.

தாராபுரத்தில், பறவை பார்க்க வரும் வெள்ளைக்காரர் தங்கும் விடுதியில் பதினாறு வருடம் நான்தான் தலைமைச் சமையல்காரன். இந்தக் கிறகரியின் நண்டுக் கறிக்காகக் கொழும்பிலிருந்தே ஆள் வரும். அவளோ ஆறு மாதம் ஹோட்டல் பள்ளிக்கூடத்தில் இருந்துவிட்டு ஒரு தாளோடு வந்தாள். முதலாளி அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டினார். என்னை வெங்காயம் உரிக்க விட்டார். சூப்பில் போடக் குரூட்டனாம். காய்ந்த பாணுக்கு ஒரு பெயர். எங்கள் வீட்டில் அதைக் கோழிக்குப் போடுவோம்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அவளுக்கு இறால் ஒத்துவராதாம். வங்காலையில் பிறந்தவள், தகப்பன் சிங்கராசா இறால் பிடித்து வளர்த்த பிள்ளை.

“கிறகரி அண்ணை, இறால் பொரிச்ச எண்ணெயை என்ர தாச்சிப் பக்கம் கொண்டு வராதேங்கோ. வாயில பட்டால் எனக்கு மூச்சடைக்கும்.”

“கடற்கரையில பிறந்த பிள்ளைக்கு இறால் ஒத்துவராதோ?”

“கடற்கரை எண்டு உடம்புக்குத் தெரியுமே அண்ணை?” என்று சிரித்தாள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இறால் சமைக்கத் தெரியாததை மறைக்க இப்படியொரு நோய். முதலாளிக்கு முன்னால் அந்தப் பொய்யை உடைத்தால் என் அடுப்பு எனக்குத் திரும்பக் கிடைக்கும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

தவக்கால வெள்ளிகளில் எங்கள் குசினியில் இறைச்சி இல்லை. காலை முழுக்க இறால்தான் பொரியும். அந்த எண்ணெயை நாங்கள் ஊற்றுவதில்லை, வடித்து வைப்போம். முதல் வெள்ளி அவள் குடிக்க எடுத்து வைத்த சூப்பில் ஒரு சொட்டு விட்டேன். உதடு வீங்கியது. நுளம்பு கடித்திருக்கலாம். ஒரு சாட்சியை வைத்து யாரையும் தீர்ப்பிடக் கூடாது என்பதால் அடுத்த வெள்ளி ஒரு கரண்டி விட்டேன். கண் இரண்டும் மூடிக்கொண்டன, கழுத்தெல்லாம் தடித்தது. கதவுக்குப் பின்னால் தொங்கிய கைப்பையிலிருந்து குளிசை எடுத்து விழுங்கினாள், அரை மணித்தியாலத்தில் எழும்பிவிட்டாள். நடிப்பில் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. போத்தலை மூடுமுன் ஒரு துண்டைக் கடித்து, காதால் கேட்பாள். மொறுக் என்று சத்தம் வந்தால்தான் மூடி போடுவாள். ஒரு போத்தலையும் தப்பவிட மாட்டாள். மூன்றாம் வெள்ளி பாண் முழுவதையும் இறால் தலை பொரித்த எண்ணெயில் நான் பொரித்தேன். மணம் தெரியாமலிருக்க உள்ளியை இரட்டிப்பாகப் போட்டேன். அவசரப்படாமல் ஆறவும் விட்டேன்.

அவள் கடித்தாள். சத்தம் நன்றாக வந்தது.

“இண்டைக்கு என்னைவிட நல்லாச் செய்திருக்கிறீங்கள், அண்ணை.”

அவள் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். பிறகு தொண்டையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். கதவுப் பக்கம் கையைக் காட்டி, “பை… பையை எடுங்கோ” என்றாள். குசினியில் வேறு எவரும் இல்லை.

என் கையெல்லாம் எண்ணெய். பெண்பிள்ளையின் கைப்பையை எண்ணெய்க் கையோடு தொடுவது மரியாதையில்லை. குழாயைத் திறந்து, சவர்க்காரம் போட்டு, நகக்கண் வரை ஆறுதலாகக் கழுவினேன். துடைத்துக்கொண்டு திரும்பியபோது அவளுடைய கை கீழே இறங்கியிருந்தது.

அப்போதுதான் ஐயா எனக்குத் தெரிந்தது, பிள்ளை பொய் சொல்லவில்லை என்று.