மேசையோடு போன சான்றிதழ்

அகன்ற நாற்காலியிலும் அடக்கமாய் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! அனுபவத்தில் மூத்த ஆன்றோர்களே! பிள்ளைகளை மடியிலும் பொறுமையை மனத்திலும் தாங்கி வந்திருக்கும் தாய்மார்களே! கிரேனில் ஏறி வானத்தை உரசி வாழும் தோழர்களே, தோழியர்களே! சங்கச் செயலாளனின் சிரம் தாழ்ந்த வணக்கம்.

இன்று நம்முன் இருப்பது ஒரே ஒரு தீர்மானம். நமது சங்கத்தின் அடையாளச் செயலியை மூடிவிட்டு, உலகுக்கே பொதுவான, யார் கருவியும் படிக்கக்கூடிய திறந்த தரத்தில் சான்றிதழ் வழங்க வேண்டும் என்பது. இதை எதிர்க்க வேண்டியவன் நான். அந்தச் செயலியைப் பெற்றெடுத்த பாவி நான்தானே! ஆனாலும் ஆதரிக்க வந்திருக்கிறேன். காரணம், என் அக்கா.

அக்கா இருபது ஆண்டுகளாகக் கிரேன் ஓட்டுகிறார். இரும்பைத் தூக்கினார், இயந்திரத்தைத் தூக்கினார், என்னையும் தூக்கி வளர்த்தார். சென்ற ஆண்டு ஒரு பெரிய கட்டடத்தில் இரண்டாண்டு வேலை கிடைத்தது. ஒன்பது மணிக்குள் உள்ளே போயாக வேண்டும். எட்டு மணிக்கே வாசலில் நின்று, கைப்பேசியில் நமது செயலி காட்டும் கிரேன் சான்றிதழை நீட்டினார். காவலாளியின் கருவி பார்த்தது, பார்த்துக்கொண்டே இருந்தது! நமது சான்றிதழை நமது கருவி மட்டும்தான் படிக்கும். அப்படித்தான் நான் செய்து வைத்திருந்தேன். பாதுகாப்பாம்!

“வேணும்னா ஏறித் தூக்கிக் காட்டட்டுமா?” என்றார் அக்கா.

“தூக்கத் தெரியுமான்னு நான் கேக்கலம்மா. தெரியும்னு சொல்ற சீட்டு செல்லுமான்னு கேக்குறேன்.”

உடனே எனக்குப் போன். “தம்பி, உன் மிஷினை எடுத்துட்டு ஓடி வாடா!”

எப்படி ஓடுவேன்? யாரும் களவாடிவிடக் கூடாதென்று அதை அலுவலக மேசையில் நான்கு போல்ட் போட்டு முடுக்கி, முடுக்கிய இடத்தில் வெல்டிங்கும் வைத்தது இந்தச் சங்கமல்லவா? ஆகவே மேசையையே தூக்கினோம்! கிரேன் சங்கத்தார் கையால் தூக்கினோம்! லாரியில் ஏற்றினோம்! அங்கே பின்வரிசையில் யார் சிரிப்பது? மேசைக் காலைப் பிடித்தவர்தானே நீங்கள்!

வாசலில் இறக்கினோம். பச்சை விளக்கு எரிந்தது. அதோடு விட்டதா? அக்காவின் வயது, எடை, ரத்த வகை என அத்தனையையும் கொட்டை எழுத்தில் காட்டியது. காவலாளி அதை உரக்கப் படித்தார். வரிசையே கேட்டது. அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

“இந்த மிஷின் சொல்றது நிஜம்னு யாரு சொல்றது?” என்று கேட்டார் காவலாளி.

“நாங்கதான்.”

“நீங்க நிஜம்னு?”

“இந்த மிஷின்தான்.”

மணி ஒன்பதரை ஆனது. வேலை வேறொருவருக்குப் போனது. திரும்பும் வழியில் லாரியில், அந்த மேசைமேலேயே உட்கார்ந்து அக்கா அழுதார். “எனக்கு வேலை தெரியும்டா. அதைச் சொல்ல நீ பக்கத்துலயே வந்து நிக்கணுமா?” என்றார்.

அன்பர்களே, சான்றிதழ் யாருடையது? கொடுத்தவனுடையதா, உழைத்துப் பெற்றவளுடையதா? கொடுப்பவர் மின்னணுக் கையெழுத்து இடட்டும்! உழைத்தவர் தம் கைப்பேசியில் வைத்திருக்கட்டும்! கேட்பவர் எந்தக் கருவியிலும் சரிபார்க்கட்டும்! நமக்குப் போன் போட்டுக் கேட்பது எதற்கு? நடுவில் நாம் எதற்கு? கிரேன் ஓட்டத் தெரியுமா என்றால் அதற்கு மட்டும் விடை கிடைக்கட்டும். எடை எதற்கு? தாய்மார்கள் பக்கம் கைதட்டல் பலமாக இருக்கிறது. புரிகிறது, புரிகிறது!

சோதனைக்காக இந்தப் புதிய முறையில் முதல் சான்றிதழை அக்காவுக்கே கொடுத்தோம். சென்ற வாரம் வேறொரு கட்டடத்தின் வாசலில் நீட்டினார். மூன்றே நொடிதான். “உள்ள போங்கம்மா” என்றார்கள். அதற்கும் அக்காவுக்குக் கோபம்! “இருபது வருஷ அனுபவம்டா! ஒரு கேள்வி கூடக் கேக்கலையே!”

இந்தத் தீர்மானத்தை முன்மொழிய வேண்டியவர் அவர்தான். காலையில் அழைத்தேன். “மேடையெல்லாம் நீயே ஏறிக்கோடா. எனக்கு வேலை இருக்கு” என்று வைத்துவிட்டார்.

எனக்கு வேலை இருக்கு! இதைவிடச் சிறந்த உரையை இந்த மேடையில் என்னால் ஆற்ற முடியாது. ஆதரிப்போர் கை தூக்குங்கள்! தூக்குவது நமக்குத் தொழிலாயிற்றே! பொறுமையாய்க் கேட்ட செவிகளுக்கு நன்றி, உயரும் கைகளுக்கு வணக்கம்!