பீட்ரூட்டின் மேல் பழி போடாத அக்காவுக்கு

இரத்த அழுத்த ஆய்வறையின் மூத்த செவிலியரே! கசந்த முகங்களையும் கனிவாய்ப் பேசிச் சாறு பருகவைத்த பெருந்தகையே! எதிரிலுள்ள காய்கறிச் சந்தைக்காரர்கள் செல்லமாகவும் சற்றே சலிப்பாகவும் 'பீட்ரூட் அக்கா' என்றழைக்கும் எங்கள் அக்கா!

வணக்கம். அழைப்பிதழில் 'பணி நிறைவு' என்று அச்சிட்டுவிட்டோம். ஆய்வு நிறைவடையவில்லை என்பது இந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

கீரையிலும் முள்ளங்கியிலும் பீட்ரூட்டிலும் மிகுந்திருக்கும் நைட்ரேட் இரத்த அழுத்தத்தைச் சற்றே தணிக்குமா என்று அறிய, காய்கறிச் சந்தையிலிருந்தே ஆள் திரட்டினீர்கள். பகலெல்லாம் காய் விற்று, வீட்டில் அதைத் தொடாத மனிதர்கள். பாதி டம்ளரை இன்று குடித்து, மீதியை நாளைக் கணக்கில் சேர்க்கச் சொன்னார் வெங்காய வியாபாரி. எல்லாப் பேரத்துக்கும் சிரித்தபடி ஈடுகொடுத்தீர்கள். சாறுதான் குடிக்கிறோமே, மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டவரிடம் மட்டும் சிரிக்கவில்லை.

சிவந்த பல்லோடு கடையில் உட்கார்ந்தால் வாடிக்கையாளர் சிரிக்கிறார் என்று அவர்கள் குறைபட்டபோது, மனமிளகி, கைகழுவும் தொட்டியருகே கிருமிநாசினி மவுத்வாஷ் வைத்தீர்கள். அன்பினால் வைத்த புட்டி அது. அதன்பின் மாதக்கணக்கில் அழுத்தம் அசையவே இல்லை. உண்மைச் சாறு குடித்தவருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க நைட்ரேட் நீக்கிய சாறு குடித்தவருக்கும் ஒரே நிலை. நாங்கள் கருவியைக் குறை சொன்னோம், காயைக் குறை சொன்னோம், ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டோம்.

முடிச்சை அவிழ்த்தது வெங்காய வியாபாரியின் புகழுரை. "சாறு மண்ணு மாதிரி இருக்குக்கா. ஆனா அப்புறம் கொப்பளிக்கத் தர்றீங்களே, அது அருமை. வீட்டுக்கும் ஒரு பாட்டில் கொடுங்களேன்."

புட்டியைப் பார்த்தபடியே நின்றீர்கள். நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுபவை நாக்கின்மேல் வாழும் நுண்ணுயிர்கள். அதற்குப் பிறகே இரத்தக்குழாயைத் தளர்த்தும் பொருள் உடலில் உருவாகும். சாற்றைக் கொடுத்துவிட்டு, அதை வேலைசெய்ய வைக்கும் கூட்டத்தையே மவுத்வாஷால் கொன்று தினமும் துப்பவைத்திருக்கிறோம்!

பலன் இல்லை என்றெழுதி முடித்துவிடலாம், நீங்களும் ஆய்வை முடித்த பெயரோடு ஓய்வு பெறலாம் என்று தலைமை மருத்துவர் தணிந்த குரலில் சொன்னார். அவரும் களைத்திருந்தார். நீங்கள் அவரைவிடக் களைத்த குரலில் சொன்னீர்கள்: "பாட்டிலை வச்சது நான் சார். பழியை பீட்ரூட் மேல போட்டுட்டு வீட்டுக்குப் போக முடியாது. முதல்லேருந்து ஆரம்பிப்போம்."

உண்மையைச் சொல்கிறோம் அக்கா, அன்று எங்களுக்கு வந்தது மதிப்பல்ல, அயர்ச்சி. மதிப்பு பின்னால் மெதுவாக நடந்து வந்தது. வலிக்கும் காலோடு நீங்கள் கடைகடையாய் ஏறி, மவுத்வாஷ் மட்டும் வேண்டாம் என்று கெஞ்சியதைப் பார்த்துப் பார்த்து வந்தது.

அந்த அலைச்சலுக்கிடையே, கருவி சரியா என்று பார்க்க உங்கள் கையிலேயே அழுத்தம் அளக்கும் பட்டையைக் கட்டினீர்கள். வந்த எண்ணை இங்கே வாசிக்க மாட்டோம். மருத்துவரிடம் மாத்திரை வாங்கினீர்கள். ஓய்வு மட்டும் வாங்கவில்லை. ஆய்வில் சேருங்கள் என்றோம். பணியாளர் சேரக்கூடாது என்ற விதியைக் காட்டி மறுத்தீர்கள்.

நாளை முதல் நீங்கள் பணியாளர் இல்லை, அக்கா. ஜன்னலோர நாற்காலி ஒன்றைக் காலியாக வைத்திருக்கிறோம். மாத்திரையை நிறுத்தாமல் வாருங்கள். குலுக்கலில் எந்தச் சாறு உங்களுக்கு விழும் என்று எங்களுக்கும் தெரியாது, பேரமும் செல்லாது.

நீடு வாழ்க, நலமே சூழ்க என்று வாயால் வாழ்த்துவது எளிது. அளந்து பார்த்துப் பேசுவதே நீங்கள் பழக்கிய வழக்கம். ஆகவே கைதட்டல் ஓய்ந்ததும், அழுத்தம் அளக்குமுன் சந்தை முழுவதையும் உட்காரவைத்தீர்களே, அப்படி ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள்.

பிறகு கையை நீட்டுங்கள். இன்று பட்டை கட்டுவது எங்கள் முறை.

அன்போடும் அயர்வோடும்,
ஆய்வறைப் பணியாளர்களும், செந்நாக்கோடு வந்திருக்கும் சந்தைக்காரர்களும்