ஏரிமேல் நட்ட கிளைகள்

காபிக்கு நன்றி, ஐயா. கழுநீர் மாதிரி இருந்தாலும் சூடாக இருக்கிறது.

எங்கள் குட்பிரான்ட்ஸ்டால் பள்ளத்தாக்குக் குதிரைகள் காட்டிலிருந்து மரம் இழுக்கப் பிறந்தவை. குட்டைக் கால், அகன்ற மார்பு, மனிதர்களிடம் இல்லாத பொறுமை. அவற்றைப் பந்தய வண்டியில் பூட்டி, நாலு வெட்டிப்பயல்கள் கைதட்ட ஓடவிடுவது கோமாளித்தனம். பக்கத்துப் பண்ணை ஹால்ஸ்டைன் அந்தக் கோமாளிகளுக்குத் தலைவன். அவனுடைய ப்ரூனாவைப் போல ஒரு பெண்குதிரை இந்த வட்டாரத்தில் கிடையாது. எவ்வளவு பெரிய அடிமரமானாலும் ஒற்றையாய் இழுத்து வருவாள். அவளைப் போய் ஞாயிறுதோறும் உறைந்த ஏரியில் பந்தயம் ஓட்டினான். ஜெயித்தும் தொலைத்தான்.

தேவாலய வாசலில் எல்லார் முன்னாலும் கேட்பான்: "என்னப்பா எம்ப்ரிக், குதிரை உன்னை இழுக்குதா, இல்ல நீ குதிரையை இழுத்துக்கிட்டு வர்றியா?" ஊரே சிரிக்கும். இந்த ஊருக்குச் சிரிக்க அவ்வளவு போதும்.

ஏரி உறைந்ததும், கெட்டியான இடமாகப் பார்த்துக் கிளைகள் நட்டு வழி குறிப்பது என் வேலை. வேறு எவனுக்கும் அதற்குப் பொறுப்பு இல்லை. அன்று காலை கிளைகளைப் பிடுங்கி, ஆறு வந்து கலக்கும் பக்கமாக நட்டேன். அங்கே பனிக்கட்டி மெல்லியது. கிளை இருந்தால் எங்கள் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு போவார்கள். பயிற்சிக்கு வந்த ஹால்ஸ்டைனும் அப்படித்தான் போனான். பனிக்கட்டி உடைந்து, குதிரையும் அவனும் தண்ணீருக்குள்.

நான் என் குதிரையோடும் கயிற்றோடும் கரையில் காத்திருந்தேன். தண்ணீரில் விழுந்த குதிரையின் கழுத்தில் சுருக்குப் போட்டு இறுக்க வேண்டும். மூச்சு உள்ளேயே அடைபட்டு உடம்பு மிதக்கும், பிறகு இழுத்துவிடலாம்.

"எம்ப்ரிக், கயித்த இங்க போடுப்பா. கை மரத்துப்போச்சு" என்றான் ஹால்ஸ்டைன்.

இருந்தது ஒரே கயிறு. அதை அவனிடம் நிதானமாகச் சொல்லவும் செய்தேன். ப்ரூனா மேலே ஏறி நின்றபோது அவன் இல்லை.

அவன் மனைவி குன்வோர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அவருதான் போயிட்டாரு. இவளையாவது காப்பாத்துனீங்களே அண்ணே. இனி நீங்களே வெச்சுக்குங்க." அவளும் அவ்வளவு விவரம்தான்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். அருமையான வேலைக்குதிரை ஒன்றை அந்தக் கூத்திலிருந்து மீட்டேன், அவ்வளவுதான். போன ஞாயிறு பந்தயத்தில் அவளை ஓட்டி நான் முதலாவதாக வந்ததுகூட, அவள் கால் இறுகிப்போகக் கூடாதே என்பதற்காகத்தான்.