நான்காவது முறை வழியனுப்ப மாட்டோம்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, தற்காலிக நிர்வாகத்தின் சார்பில் வந்திருக்கும் பொறியாளர் லார்ரால்தே அவர்களே, முன்வரிசையில் கறுப்புச் சால்வையோடு இருக்கும், நம் தோன் இலாரியோவின் துணைவியார் தோன்யா எர்மீனியா அவர்களே, பணி மாற்றிக்கொண்டு வந்திருக்கும் தோழர்களே, மாற்றிவிட ஆள் கிடைக்காமல் இந்த நேரத்திலும் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் தோழர்களே, வணக்கம்.

என்னை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதெல்யோ மொந்தானி. யார் எந்த வண்டியை ஓட்ட வேண்டும் என்று பலகையில் எழுதுகிறவன். மறைந்த ஓட்டுநர் தோன் இலாரியோ புஸ்தமாந்தே அவர்களின் பெயரை இந்த நான்கு ஆண்டுகளாக அந்தப் பலகையில் எழுதி வந்த கை இந்தக் கைதான். அவரைப் புகழ்ந்து பேச எனக்கு என்ன தகுதி இருக்கிறது? தலைவரிடமே கேட்டேன். "நீதான்யா பேசணும், வேற யாரு பேசுறது?" என்றார். அவர் சொன்னது மரியாதையா தண்டனையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

தோன் இலாரியோவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போதாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். வில்லா கோர்தேரா நிலையத்தில் வண்டி பழுதாகி நின்றுவிட்ட அந்த ஜனவரிக் கோடை வெயில் உங்களுக்கு நினைவிருக்கும். ஜனங்கள் இருக்கைகளைப் பிடுங்கித் தீ வைக்கத் தண்டவாளத்தில் குவித்துவிட்டார்கள். நாம் எல்லோரும் என்ன செய்தோம்? நிலைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். அவர் மட்டும் வெந்நீர்க் குடுவையையும் மாத்தேத் தேநீர்க் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கி, நடைமேடை விளிம்பில் கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தார்.

"எரிக்கிறதுன்னா எரிங்க. நாளைக்குக் காலையில எதுல வேலைக்குப் போவீங்க? நான்தான் எதுல வருவேன்?" என்றார்.

கைப்பிள்ளையோடு நின்ற ஒரு பெண் சீறினாள். "அப்ப யாருய்யா இதுக்கு முதலாளி? அந்த ஆளைக் காட்டு, அவனை எரிக்கிறோம்."

"அவனைத்தாம்மா நானும் தேடிக்கிட்டிருக்கேன். கிடைச்சா மொதல்ல உனக்குத்தான் சொல்லுவேன்" என்றார்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். கிண்ணம் அவள் கைக்குப் போனது, அவளிடமிருந்து பக்கத்தில் நின்றவன் கைக்குப் போனது. அன்றைக்கு வண்டி எரியவில்லை.

அவள் கேட்ட கேள்விக்கு இந்த மண்டபத்தில் இன்றைக்கும் யாராவது பதில் சொல்வீர்களா? ரயிலைத் தனியாரிடம் கொடுத்தால் தேறிவிடும் என்றார்கள். வந்த நிறுவனம் தேற்றியதா? விளக்கைக் கழற்றியது, பணிமனையை மூடியது, பல வருடங்களாகப் புது ஓட்டுநர் ஒருவரைக்கூடப் பயிற்றுவிக்கவில்லை. கடைசியில் அரசு உரிமத்தைப் பிடுங்கியது. பிடுங்கி என்ன செய்தது? பக்கத்து வழித்தடங்களில் ஓட்டும் வேறு தனியார் நிறுவனங்களைக் கூட்டி, "டெண்டர் முடியும்வரை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கையில் கொடுத்தது. நம் பெட்டிகளின் மேல் பழைய பெயரை அழித்து, "அரசின் சார்பில், அரசின் கணக்கில்" என்று எழுதினார்கள். நிர்வாகம் தற்காலிகம். மேலாளர் தற்காலிகம். பலகைக்காரன் என்ற என் பதவியும் தற்காலிகம். பொறியாளரிடம் ஆள் கேட்டால், "நாங்கள் தற்காலிகம், நியமனம் அரசின் வேலை" என்பார். அரசிடம் கேட்டால், "டெண்டர் வரட்டும்" என்பார்கள். எல்லாம் தற்காலிகம் என்றார்கள் தோழர்களே, அதில் முடிந்துபோனது தோன் இலாரியோ ஒருவர்தான்.

இனி அந்த மூன்று வழியனுப்பு விழாக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இறங்கினால் நான் மனுஷன் இல்லை.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஓய்வுபெறும் ஓட்டுநரின் கடைசிப் பயணத்தில், மூடுபனிக் காலத்து எச்சரிக்கை வெடிகளைத் தண்டவாளத்தில் வைப்போம். சக்கரம் ஏற ஏற வெடிக்கும். அவர் வழியெல்லாம் ஊதிக்கொண்டே வருவார். முனையத்தில் இறங்கியதும் மாவையும் முட்டையையும் தலையில் கொட்டுவோம். பிறகு தணலில் இறைச்சி. தோன் இலாரியோவுக்கும் அதெல்லாம் குறைவில்லாமல் செய்தோம். தோன்யா எர்மீனியா நீலப் பூப்போட்ட புது உடுப்பில் ஓட்டுநர் அறையில் அவர் பக்கத்தில் நின்று வந்தார். மீன் பிடிக்கப் பரனா ஆற்றங்கரைக்குப் போய்விடுவோம் என்று இருவரும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தற்காலிக நிர்வாகம் வந்தது. எண்ணிப் பார்த்தால் வண்டி இருக்கிறது, ஓட்ட ஆள் இல்லை. அவர் வீட்டுக் கதவைத் தட்டியது யார்? நான்தான். "தோன், டெண்டர் வர்றவரைக்கும் மட்டும். ஜனங்க நடைமேடையில நிக்கிறாங்க" என்றேன். "ஜனங்க" என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவர் எழுந்துவிடுவார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

மறுவருடம் டெண்டர் வருகிறது என்றார்கள். இரண்டாவது முறை வெடி வைத்தோம். டெண்டர் தள்ளிப்போனது, அவர் திரும்பி வந்தார். அதற்கடுத்து மூன்றாவது முறை. அன்றைக்கு நம் கார்டு கீக்கே ஒரே ஒரு வெடியைக் கொண்டுவந்தான். "மூணாவதுக்கு இது போதும் தோன். மிச்சத்தை நாலாவதுக்குப் பத்திரமா வச்சிருக்கேன்" என்றான். நாம் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவரும் சிரித்தார். தோன்யா எர்மீனியா அன்றைக்கு வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று நம்மில் ஒருவராவது கேட்டோமா?

கீக்கே, தலையைக் குனியாதே. நீ வேடிக்கையாகச் சொன்னாய், நான் அதை நம்பிப் பலகை எழுதினேன். ஒரு மனிதன் ஓய்வெடுக்கப் போவது நமக்கெல்லாம் கேலிக்கூத்தாகிவிட்டது. அதுதான் நாம் செய்த பாவம்.

அந்த முறையும் டெண்டர் வரவில்லை, அவரைத் திரும்பக் கூட்டிவந்தேன். அதன்பிறகு தினமும் என் ஜன்னலுக்கு வந்து ஒரே கேள்வியைக் கேட்பார். "என்ன தம்பி, இன்னிக்கு நான் வேண்டாம்தானே?"

நானும் ஒரே பதிலைச் சொல்வேன். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும், தோன்."

போன வியாழக்கிழமையும் வந்தார். அன்றைக்குக் குரலில் விளையாட்டு இல்லை. "நெஞ்சு பாரமா இருக்கு தம்பி. சாயங்கால வண்டிக்கு வேற யாரையாச்சும் போடேன்" என்றார். நான் பலகையைப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தோழர்களே, பலகையைத்தான் பார்த்தேன். "ஆளே இல்ல தோன். இன்னிக்கு ஒரு நாள் மட்டும்" என்றேன்.

போனார். வண்டியைக் கொண்டுசேர்த்தார். திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒரு பயணிக்கும் ஒரு குறையும் இல்லை. ஓட்டுநர் அறையைப் பூட்டிச் சாவியைக் கீக்கேயிடம் கொடுத்துவிட்டு, ஓய்வறை பெஞ்சில் உட்கார்ந்தார். கீக்கே மாத்தே ஊற்றி நீட்டியபோது வாங்க அவர் கை வரவில்லை.

நேற்று பையன்கள் சிலர் என்னிடம் வந்தார்கள். நாளைக் காலை சவ ஊர்தி வில்லா கோர்தேரா கடவுப்பாதையைத் தாண்டும் நேரத்தில், மீதமிருக்கும் வெடிகளையெல்லாம் வைத்து வண்டியை ஊதிக்கொண்டு விடுவோம், அதுதான் அவருக்கு மரியாதை என்றார்கள். எனக்கும் சரியென்றுதான் பட்டது. அனுமதி கேட்கத் தோன்யா எர்மீனியாவிடம் போனேன். அவர் அழவில்லை, என்னைத் திட்டவில்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"வேண்டாம் அதெல்யோ. மூணு தடவை அவரை வழியனுப்பினீங்க. மூணு தடவையும் திரும்பக் கூட்டிட்டுப் போயிட்டீங்க. வெடிச் சத்தம் கேட்டா எனக்கு அந்தப் பயம்தான் வரும். இந்தத் தடவையாச்சும் சத்தமில்லாம விடுங்க, அவர் இருந்துக்கட்டும்" என்றார்.

நான் எழுந்து வந்துவிட்டேன்.

மேடை ஏறும் முன்பு பொறியாளர் அவர்கள் என் காதில் சொன்னார், "தோன் இலாரியோ விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று முடித்துவிடுங்கள், அழகாக இருக்கும்" என்று. மன்னிக்க வேண்டும், பொறியாளர் அவர்களே. அந்தப் பணியைத் தொடர மாட்டோம். தொடர்ந்ததால்தான் இங்கே கூடியிருக்கிறோம். வண்டி ஓடிக்கொண்டே இருந்ததால் ஆள் இல்லை என்பது யாருக்கும் தெரியவில்லை. உங்களுக்கும் தெரிய வேண்டியிருக்கவில்லை, அரசுக்கும் தெரிய வேண்டியிருக்கவில்லை. இல்லாத ஓட்டுநர்களின் இடத்தை ஒரு கிழவரின் நெஞ்சை வைத்து நாங்கள் அடைத்துக்கொண்டிருந்தோம்.

அதனால் நாளைக் காலையிலிருந்து அவர் ஓட்டிய வண்டிகளுக்கு நேரே நான் யார் பெயரையும் எழுத மாட்டேன். "ஓட்டுநர் இல்லை" என்று எழுதுவேன். எல்லா நிலையங்களிலும் அப்படியே அறிவிப்போம். ஓய்விலிருந்து இழுத்து வந்த மற்ற பெரியவர்களும் வர வேண்டாம். வீட்டில் இருங்கள்.

என்ன, பின்னாலிருந்து யாரோ கேட்கிறீர்கள். சத்தமாகக் கேளுங்கள்.

"ஜனங்க கொதிச்சுப்போய் வண்டியைக் கொளுத்தினா என்ன பண்ணுவீங்க?"

நியாயமான கேள்வி. நாளைக் காலை வில்லா கோர்தேரா நடைமேடையில் நான் நிற்பேன். கதவைச் சாத்திக்கொள்ள மாட்டேன். ஏன் வண்டி வரவில்லை என்று நானே சொல்வேன், யார் செத்தார் என்று சொல்வேன், யார் அனுப்பினான் என்றும் சொல்வேன். அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். இந்தத் தற்காலிகப் பதவியைப் பிடுங்கினால் சந்தோஷமாகக் கொடுத்துவிடுகிறேன். என்னோடு நிற்க வருகிறவர்கள் வாருங்கள். கையில் வெந்நீர்க் குடுவை மட்டும் இருக்கட்டும்.

கீக்கே, அந்த வெடிப் பெட்டியைக் கிடங்கில் திருப்பிக் கொடுத்துவிடு.

தோன் இலாரியோ, ஜன்னலுக்கு வந்து தினமும் ஒன்று கேட்டீர்களே, அதற்கு ஒரு நாளும் நான் சரியான பதில் சொல்லவில்லை. உங்கள் மனைவி முன்னால், இத்தனை பேர் முன்னால், இப்போது சொல்கிறேன்.

இன்னிக்கு நீங்க வேண்டாம், தோன். வீட்டுக்குப் போங்க.