கடைசி நிறுத்தத்தில் டார்ச் வெளிச்சம்

ராத்திரி பத்து மணி இருக்கும். கடைசிப் பேருந்து, கடைசி நிறுத்தம். அதற்கு அப்புறம் தார் ரோடு கிடையாது... ஒரு பக்கம் மூடிப்போன தொழிற்சாலையின் மதில், எதிரே முட்புதர், நடுவில் நேராகப் போகிற ஒரு சரளை மண்பாதை. அதன் கோடியில் ஒரே ஒரு வீடு.

நடந்தது என் நண்பனுடைய மாமாவுக்கு. அந்தப் பேருந்தின் டிரைவர் அவர்தான். எந்த வண்டியையும் முந்த மாட்டார் என்பதால் டிப்போவில் அவருக்கு ‘ஆமை’ என்று பெயர். மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம். வீட்டுக்குப் போனால் ‘வந்தாச்சா’ என்று கேட்க ஆள் இல்லை. அதனால்தான் யாருக்கும் பிடிக்காத அந்தக் கடைசி டிரிப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். கண்டக்டருக்கு முந்தின நிறுத்தத்தில் வீடு. அங்கேயே இறங்கிவிடுவார். அப்புறம் வண்டியில் ஒரே ஒரு பயணிதான்.

ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற இடத்தில் வேலை பார்க்கிற பெண். புருஷன் பட்டாளத்துக்காரன், சண்டையில் செத்துப்போனான். வீட்டில் படுத்த படுக்கையாக மாமனார், சின்னதாக ஒரு மகள். சவப்பெட்டி வந்த அன்று ஊரே திரண்டது. மாலை, கொடி, மைக்கில் பேச்சு... அப்புறம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

அவளை அந்த இருட்டில் இறக்கிவிட மாமாவுக்கு மனசு வராது. ஆனால் முதல் நாளே ஒரு நிம்மதி. அவள் இறங்கியதும், மதிலோரத்திலிருந்து உயரமாக ஒரு ஆள் வந்தார். கையில் டார்ச். அவள் காலடிக்கு முன்னால் வெளிச்சத்தை அடித்துக்கொண்டே கூட நடந்தார். அண்ணனோ தம்பியோ, யாரோ ஒருத்தர் இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டார் மாமா.

தினமும் அப்படித்தான். கொட்டுகிற மழையிலும் அந்த ஆள் நிற்பார். குடை கிடையாது.

ஒரு நாள் பேச்சுவாக்கில் மாமா அவளிடம் சொன்னார்: “உன் தம்பி தங்கமான ஆளும்மா. மழைன்னுகூடப் பார்க்காம வந்து நிக்கறாரே.”

“எந்தத் தம்பிண்ணே?”

“டார்ச் எடுத்துட்டு வருவாரே... தோள்கூட ஒரு பக்கம் கொஞ்சம் சரிஞ்சிருக்குமே.”

அவள் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அப்படிச் சரிஞ்ச தோள் என் வீட்டுக்காரருக்குத்தாண்ணே” என்றாள். “எனக்குத் தம்பியும் இல்ல, அண்ணனும் இல்ல. நான் தனியாத்தானே போறேன்...”

மாமாவின் கால் தானாக பிரேக்கை மிதித்தது.

“எனக்கு மட்டும் ஏண்ணே தெரியல?” அவள் அழவில்லை. “முகம் எப்படி இருந்துச்சு?”

“இருட்டுல தெரியலம்மா.”

“பார்த்துச் சொல்லுங்கண்ணே. பெட்டியத் திறக்கக் கூடாதுன்னுட்டாங்க. கடைசியா ஒரு தடவை முகத்தைக்கூடப் பார்க்கல.”

மறுநாள் அவள் இறங்கியதும் மாமாவும் இறங்கிப் பின்னால் நடந்தார். மதிலோரத்திலிருந்து வெளிச்சம் வந்தது. நனைந்த கித்தான் துணி வாசனை... கூடவே துப்பாக்கிக்குப் போடுகிற எண்ணெய் வாசனை. அவள் ரப்பர் செருப்பு சத்தமே போடவில்லை. சரளைக் கல்லில் பூட்ஸ் மட்டும்... சரக்... சரக்...

வீட்டு கேட் வந்தது. அவள் திரும்பினாள்.

“இருக்காராண்ணே?”

மாமா ஆமாம் என்று தலையை ஆட்டினார். அவள் கையை நீட்டிக் காற்றைத் துழாவினாள். அந்தக் கை டார்ச் ஆளுடைய மார்பு வரைக்கும் போய், வெறுமனே திரும்பியது. அவர் அசையவே இல்லை. அப்புறம் மெதுவாக மாமா பக்கம் திரும்பினார். டார்ச்சை உயர்த்தி... தன் முகத்திலேயே அடித்துக் காட்டினார்.

என்ன பார்த்தார் என்று மாமா இன்று வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு அவளிடம் சொன்னது இதுதான்:

“சிரிச்ச முகமா இருக்காரும்மா. ஒரு காயமும் இல்ல.”

அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள். பெட்டி வந்த அன்றுகூட அப்படி அழவில்லையாம். அழுது முடித்து, கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

அன்றைக்கு ஆமை ஓடியது. மூச்சிரைக்க ஓடியது. ஆனால் பாதையில் ஒரு கல்லும் தடுக்கவில்லை... அவர் காலடிக்கு முன்னால் வெளிச்சம் விழுந்துகொண்டே வந்தது. பின்னாலிருந்து.

அதற்கப்புறம் மதிலோரத்தில் யாரும் நிற்கவில்லை. சில நாள் கழித்து அவளே சொன்னாள்.

“என்னமோ தெரியலண்ணே, இப்பல்லாம் இந்தப் பாதை ரொம்ப இருட்டா இருக்கு. கால் வைக்கவே பயமா இருக்கு. முன்னாடி இப்படி இல்ல.”

அன்றிலிருந்து மாமா, வண்டியைப் பாதைக்கு நேராகத் திருப்பி நிறுத்தி, முன்விளக்கு இரண்டையும் முழுசாகப் போட்டுவிடுவார். அவள் வீடு சேருகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருப்பார். லீவு நாளில் போய் அவள் மாமனாரைக் குளிப்பாட்டிவிட்டு வருவார். குழந்தைக்கு அவர் பெரியமாமா ஆகிவிட்டார். ‘வந்தாச்சா’ என்று கேட்க இப்போது ஒரு குரல் இருக்கிறது.

ஒன்றே ஒன்று... வண்டிக்குள் பார்க்கிற கண்ணாடியை மாமா கழற்றிவிட்டார். அவள் இறங்கின பிறகு வண்டி காலிதான். ஆனாலும் அவர் சீட்டுக்குப் பின்னால் ஈரக் கித்தான் வாசனை அடிக்கும். திரும்ப மாட்டார். அந்தக் கோடியில் தாழ்ப்பாள் விழும்... ணங்கென்று. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் வண்டியை எடுப்பார்.

ஒரு தடவை தூக்கக் கலக்கத்தில், தாழ்ப்பாள் விழுவதற்குள் கியரில் கை வைத்துவிட்டார்.

அவர் கை மேல் இன்னொரு கை வந்து அழுத்தியது.