பள்ளிக்கூட விழாவுக்கு ஒரு மாமன் மாலை

"...மாமன் மாலை போடாம என் பொண்ணு மேடையேற மாட்டா, சொல்லிட்டேண்ணே!"

விழுப்புரத்தில் கிளம்பிய திண்டிவனம் பஸ்ஸில், முன்சீட்டு அம்மா ஸ்பீக்கரைப் போட்டுத் தன் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, "அம்மா, மெதுவா பேசும்மா" என்றாள்.

"ஏன், பஸ்ஸே கேக்கட்டும்!"

"கல்யாணத்துக்குத்தான் மாமன் மாலை. பள்ளிக்கூட விழாவுக்கு எவன் போடுவான்?" என்றது போன்.

"நீதான். வாடகைக்கா மாமன் எடுக்க முடியும்? பத்தாவதோட போதும், மாப்பிள்ளை பாத்துட்டேன்னு நின்ன. நான் மாட்டேன்னதுக்கு ரெண்டு வருஷமா வாசப்படி மிதிக்கல."

"அந்தக் காலேஜ் பொண்ணு வந்துதான உன் மனச மாத்திச்சி?"

"ஆமா. பள்ளிக்கூடத்துல அனுப்பிவச்ச பொண்ணு. ஞாயித்துக்கிழமை தவறாம வந்து, இவளுக்குப் பாடம் சொல்லிக்குடுத்துக்கினு, எனக்குத் தைரியம் சொல்லிக்கினு இருந்துச்சு. இவ பன்னெண்டாவது பாஸ் பண்ணிட்டா. இன்னிலேர்ந்து இவளே பத்துப் பொண்ணுங்களுக்கு அந்த மாதிரி அக்கா. மேடையில பேசப் போறாண்ணே."

பஸ்ஸில் நாங்களும் போன் பக்கம் காதைத் திருப்பினோம்.

"பஸ்ஸு எங்க வருது?" என்றது போன்.

"உங்க ஊருதான். விக்கிரவாண்டி வரப் போவுது."

"மாலை வாங்கிக்கினு ஸ்டாப்புல நிக்கிறேன். ஜல்தியா எனக்கொரு சீட்டு புடிச்சி வை."

பஸ்ஸில் காலி இடமே இல்லை. அந்த அம்மா எழுந்து, மகளுக்குப் பக்கத்தில் தான் உட்கார்ந்திருந்த இடத்தில் பையை வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.