ஒரே சஹனில்

முந்திரி போடாத வட்டிலாப்பத்தை யார் தின்பார்கள் என்றுதான் அப்போது மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். வெளியே கேட்கவில்லை. எதிரே இருந்தவர் புதுக்கோட்டையில் பேர்பெற்ற தோல் டாக்டர். அவர் வீட்டில் முட்டையும் தேங்காய்ப்பாலும் அடித்து வட்டிலாப்பம் அவிப்பார்களா என்பதே சந்தேகம்.

என் வீட்டுக்காரர் முகமது அஸ்வருக்கு உள்ளங்கை முழுக்க நீர்க்கொப்புளம். வாட்ச் கட்டும் இடத்திலும் பெல்ட் கொக்கி படும் இடத்திலும் ஏற்கெனவே தடிப்பு. நிக்கல் ஒவ்வாமை என்றார் டாக்டர். அந்நேரம் துபாய் முதலாளி போனில் கூப்பிட, இவர் எழுந்து வெளியே போனார். மீதியை நான்தான் கேட்டேன். நிக்கல் சாப்பாட்டிலும் இருக்கிறதாம். சிலருக்கு அதுவே கொப்புளத்தைக் கிளப்பிவிடுமாம். முந்திரி, நிலக்கடலை, சாக்லேட், பருப்பு எல்லாம் குறைக்க வேண்டும். புளி சேர்ந்ததை எவர்சில்வர் சட்டியில் கொதிக்கவிடக் கூடாது.

கோட்டைப்பட்டினத்துக்கு பஸ்ஸில் திரும்பும்போது, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். வாட்சைக் கழற்றச் சொன்னார் என்றேன். அதுவும் சொன்னதுதானே. நான் பொய் பேசுகிறவள் இல்லை.

அவருக்கு துபாயில் அத்தர் கடையில் வேலை. வருகிறவர்களின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு சொட்டு தடவிக் காட்ட வேண்டும். கொப்புளக் கைக்கு யார் கையை நீட்டுவார்கள்? டிக்கெட்டைத் தள்ளிப் போட்டார். லீவு முடிவதற்குள் பெட்டி கட்டிப் பழகிய மனிதர், எங்கள் வீட்டில் எந்த ஜன்னல் சரியாகச் சாத்த வராது என்பதை முதல்முறையாகத் தெரிந்துகொண்டார்.

நான் ஒன்றும் விஷம் வைக்கவில்லை. நெய்ச்சோறு, பருப்பும் புளியும் சேர்ந்த தாளிச்சா, பிறகு வட்டிலாப்பம். அவர் கொண்டுவந்த சாக்லேட்டை அவருக்கே கொடுத்தேன். கழுவச் சிரமம் என்று மண்சட்டியைப் பரணில் போட்டேன். எங்கள் பக்கம் சஹன் என்கிற பெரிய தட்டில் கூடி உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். அவர் தின்ற ஒவ்வொரு வாயும் நானும் தின்றேன். எனக்கு இடுப்பு மட்டும் கொஞ்சம் பெருத்தது.

விரல்கள் வெடித்த பிறகு நானே ஊட்டிவிட்டேன். “சின்னப் புள்ளையாக்கிட்டியே என்னைய,” என்று சிரிப்பார். தொழுகைக்கு ஒளு எடுக்கும்போது தண்ணீர் பட்டால் பல்லைக் கடிப்பார். அதனால் வெதுவெதுப்பாக விளாவி வைப்பேன். பார்த்துக்கொண்டிருக்க நான் கல்நெஞ்சக்காரி இல்லை.

துபாய் கடையில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு முழுக்க வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கும் வருத்தம்தான். முந்திரியைக் கூடுதலாகப் போட்டேன்.

போன வாரம் ஷார்ஜாவிலிருந்து இன்னொரு கடைக்காரர் கூப்பிட்டார். மாசக் கடைசியில் திருச்சிக்கு வருகிறார், கையைப் பார்த்துத்தான் ஆள் எடுப்பார். இந்த வயதில் இதை விட்டால் வேறு கடை கிடைக்காது. இவர் என்னிடம் சொல்லாமல் அந்த டாக்டரிடம் தனியாகப் போய்விட்டு வந்தார். வந்தவர் நேராக அடுப்படிக்குப் போய், எவர்சில்வர் சட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன்.

சஹனை நடுவில் வைத்துச் சோற்றைப் பிசைந்தேன். அவர் எதிரே உட்கார்ந்தார், ஆனால் கொஞ்சம் தள்ளி.

“இனிமே எனக்குத் தனித் தட்டுல வையி, பவுசியா. வெறும் கஞ்சியும் மீனும் போதும்.”

தனித் தட்டு. கட்டியவளை நம்பாதவர்கள் கேட்பது அது. ஒரே சஹனில் கை வைக்கிறவருக்கு நான் கெடுதல் நினைப்பேனா? எனக்கு மனசு எவ்வளவு வலிக்கும் என்று அவர் யோசிக்கவே இல்லை.

கவளத்தை உருட்டி நீட்டினேன்.

“நம்ம வீட்ல அந்தப் பழக்கம் இல்ல மச்சான்,” என்றேன். “வாயத் தொறங்க.”